முப்பத்தைந்து சொல் சத்தியம்

என்னைத் தலைவியாகத் தெரிவு செய்தபோது நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், எங்கள் முதியோர் சங்கம் திங்கட்கிழமைகளில் ரூஜ் என்ற பகுதியில் உள்ள சமூக நிலையத்தில் கூடும். நாற்பது பேர் வரையில் வருவோம். அன்று ஆண்டுப் பொதுக்கூட்டம். எங்கள் ஆட்களின் பொதுக்கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரின் பெயரை முன்மொழிந்தால் அவர் உடனே எழும்பி, "ஐயோ, என்னை விடுங்கோ, எனக்கு நேரமில்லை" என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும். அன்று ஆறு பேரை முன்மொழிந்து ஆறு பேரும் கும்பிட்டுவிட்டார்களாம். ஏழாவதாக யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எழும்பிக் கும்பிட நான் அங்கே இல்லை. மறுப்பில்லை என்று எழுதிக்கொண்டு ஏகமனதாக முடித்துவிட்டார்கள். நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். தேத்தண்ணிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதமென்று குறித்துக்கொண்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதைவிடப் பெரிய குறை, நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது. பஸ்ஸில் இறங்குவதற்கு மணியை இழுக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது இழுக்கட்டும் என்று காத்திருந்து, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கிப் பனிக்குள் நடந்து வந்திருக்கிறேன். என் மகளின் கலியாண வீட்டில் படம் எடுப்பவர், "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ" என்று மைக்கில் சொன்னதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. இப்படிப்பட்ட என்னைத் தலைவி என்றால்? பொறுப்பெடுக்கும் நாளன்று, எடுப்பதற்கு முன்னர், எனக்கு ஏலாது என்று சொல்லிவிடுவதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அதைச் சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே என்பது பிறகுதான் உறைத்தது.

பதவியேற்பு என்று ஒன்று எங்கள் சங்கத்தில் முன்பு இருந்ததில்லை. அதைக் கொண்டுவந்தவர் பழைய தலைவர். ஊரில் தபாலதிபராக இருந்தவர், ஒன்பது வருடம் தலைவராக இருந்து இளைப்பாறுகிறவர். திங்கட்கிழமைகளில் அரை மணித்தியாலம் உலக நடப்புச் சொல்வார். அந்த நேரம் அமெரிக்காவிலும் தேர்தல் முடிந்திருந்தது. யார் வென்றது சரி, யார் தோற்றது பிழை என்று கதைக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதலாவது விதி. முந்தி அப்படிக் கதைத்து இரண்டு சகலன்மார் மூன்று மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். ஆகவே அவர் ஆட்களை விட்டுவிட்டுச் சடங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"அவங்களுக்கு ஜனவரி இருபதாந் திகதி. இந்த முறை திங்கக்கிழமை. எங்கட பொங்கல் விழாவும் அண்டைக்குத்தான். இதைவிடப் பொருத்தம் வருமோ? நாங்களும் முறையாச் செய்வம்" என்றார். "நான் பொறுப்பெடுத்தது என்னெண்டு தெரியுமோ? கோப்பிக் கடை வாசலிலை. முந்தின தலைவர் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கி, சங்க அலுமாரியின்ர திறப்புக் கொத்தை நீட்டினார். குளிராக் கிடக்குது, நான் வாறன் எண்டுட்டுப் போட்டார். ஒன்பது வருசமா எனக்கு அது மனதிலை கிடக்குது."

அதனால் மூன்று நான்கு கிழமை அமெரிக்கப் பதவியேற்புக் கதைதான். எனக்கு அந்தச் சடங்கு தெரியாததல்ல. மகள் வேலைக்குப் போன பிறகு பகலில் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக இருந்து மரக்கறி வெட்டுகிறவள் நான். நாலு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது, போகிறவரும் வருகிறவரும் வழக்கமாக ஒரே காரில் வந்து இறங்குவதுதான். வராமல் கோபித்துக்கொண்டு போனவர்களும் சிலர் உண்டாம். ஆனாலும் அது வழக்கம். ஊரில் நாங்கள் பார்த்த ஆட்சி மாற்றங்களில் முதலில் வருவது ஊரடங்குச் சட்டம். இதிலோ ஒரு கிழவர் எழும்பி இடம் விடுகிறார், இன்னொருவர் கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறார், வாத்தியம் வாசிக்கிறார்கள், முடிந்துவிட்டது. நான் வெட்டிய கத்தரிக்காய் கறுத்துப்போகும் வரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தபாலதிபர் சொன்னபோதுதான் உள்கதைகள் தெரிந்தன.

"முதலாவது ஜனாதிபதி பதவியேற்கேக்கை இப்ப இருக்கிற தலைநகரமே இல்லை. நியூயோர்க்கிலை ஒரு மேல்மாடி விறாந்தையிலை நிண்டு செய்தவர். கீழை றோட்டு முழுக்கச் சனம். எல்லாம் ஆயத்தம். கடைசி நேரத்திலைதான் பாத்தால், கை வைச்சுச் சத்தியம் பண்ண வேதப்புத்தகம் இல்லை! ஓடிப்போய்ப் பக்கத்து மண்டபத்திலை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாங்கள்."

"போன பொங்கலுக்கு நாங்கள் நெருப்புப் பெட்டியை மறந்த மாதிரி" என்றாள் என் சிநேகிதி.

இவளைச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், என்னைவிட மூன்று வயது இளையவள், எப்போதும் எனக்குப் பக்கத்துக் கதிரை. எனக்கு இல்லாத குரலையும் சேர்த்து ஆண்டவர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். நான் கேட்க நினைப்பதை அவளின் காதுக்குள் சொல்வேன், அவள் மண்டபம் அதிரக் கேட்பாள்.

"அண்ணை, அக்கா கேக்கிறா, சத்தியம் எவ்வளவு நீளமெண்டு."

"முப்பத்தைஞ்சு சொல். அவ்வளவுதான். சட்டத்திலை அச்சொட்டா எழுதிக் கிடக்குது. தமிழிலை போட்டால் இன்னும் குறையும்."

"அக்கா கேக்கிறா, நீதவான்தான் சொல்லிக் குடுக்க வேணுமோ எண்டு."

"இல்லை. வழமை அப்பிடி. ஒருக்கா முன்னாலை இருந்த ஜனாதிபதி திடீரெண்டு செத்துப்போக, உப ஜனாதிபதி தகப்பன்ர பண்ணை வீட்டிலை நிண்டவர். நடுச்சாமம். மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு தகப்பனே மகனுக்குச் சத்தியம் சொல்லிக் குடுத்தவர்."

அந்தக் கதைக்கு மண்டபமே "ஆ" என்றது. பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் நாட்டைத் தூக்கிக் கொடுத்ததுபோல் எனக்கு இருந்தது. ஆனால் நான் கேட்க விரும்பிய கேள்வி வேறு. இரண்டு கிழமை அதை வாய்க்குள் வைத்திருந்து, மூன்றாம் கிழமைதான் சிநேகிதியின் காதுக்குள் சொன்னேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வழமையைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணை, அந்த முதலாவது மனுசன் பேசேக்கை பயந்தவரோ?"

தபாலதிபருக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர் அவர். "வாசிச்சுப் பாத்துச் சொல்லுறன்" என்று குறித்துக்கொண்டு போனார். அடுத்த திங்கள் கோட்டுக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஓம். பயந்தவர். பெரிய படைத் தளபதி, பீரங்கிக்கு முன்னாலை நிண்ட மனுசன். ஆனால் பேச்சை வாசிக்கேக்கை கை நடுங்கினதாம். கடுதாசியை வாசிக்க ஏலாமல் தடுமாறினவராம். அங்கை இருந்து பாத்த ஒருத்தர் எழுதி வைச்சிருக்கிறார். இன்னொண்டும் கண்டுபிடிச்சன். அவர் பெரிய படிப்புப் படிச்ச ஆளுமில்லை. ரண்டாந்தரம் பதவியேற்கேக்கை பேசினதுதான் எல்லாரிலும் சின்னப் பேச்சு, நாலே நாலு வசனம்."

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். "அம்மா, நீங்கள் இப்ப உங்களை ஆரோடை ஒப்பிடுறியள் எண்டு தெரியுதோ?" என்று கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மனிதரின் நடுங்கிய கை என் கண்ணுக்குள் நின்றது. கொஞ்சம் நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அதற்காக என் முடிவு மாறியது என்று சொல்ல மாட்டேன். அவர் தளபதி. நான் பஸ் மணியை இழுக்காதவள்.

சங்கத்தில் ஆயத்தங்கள் நடந்தன. எதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்வது என்று ஒரு நாள் முழுக்கத் தர்க்கம். பாதிப்பேர் சைவம், பாதிப்பேர் வேதம். தேவாரப் புத்தகம் என்றால் இவர்களுக்கு மனம் நோகும், வேதாகமம் என்றால் அவர்களுக்கு. தபாலதிபர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். புத்தகம் கட்டாயமில்லையாம், ஒரு ஜனாதிபதி சட்டப் புத்தகத்தின்மேல் கை வைத்தவராம். கடைசியில் எங்கள் வரவுப் புத்தகம் என்று தீர்ந்தது. திங்கட்கிழமைகளில் உள்ளே வரும்போது எல்லாரும் கையெழுத்து வைக்கும் அந்தப் பெரிய கொப்பிதான். அதில் இப்போது இல்லாதவர்களின் கையெழுத்துகளும் கிடக்கின்றன. அதைவிடப் பெரிய சத்தியப் புத்தகம் எங்களுக்கு வேறேது?

சத்தியம் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரியக்கா. தொண்ணூற்று மூன்று வயது, சங்கத்தில் மூத்த ஆள். முந்நூற்று நாலு என்ற சீட்டு விளையாட்டில் கடதாசியை ஒளித்தது யார் என்று சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது அவர்தான். எங்கள் நீதவான்.

நேரத்துக்கும் பிரச்சினை வரவில்லை. பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்த ஒருவர், "திங்கக்கிழமை பத்தரையிலையிருந்து பன்னிரண்டு வரைக்கும் எமகண்டம். பன்னிரண்டுக்குப் பிறகு நல்லம்" என்றார். அமெரிக்காவிலும் சரியாகப் பகல் பன்னிரண்டுக்குத்தான் என்று தபாலதிபர் சொன்னதும், "பாத்தியளே, அவங்களுக்கும் ஆரோ எங்கட ஆள் நாள் வைச்சுக் குடுத்திருக்கிறான்" என்று ஒரே குதூகலம்.

"எங்களுக்கு எமகண்டமுமில்லை, ஒண்டுமில்லை. பசி மட்டும் பன்னிரண்டுக்கு வரும்" என்றாள் சிநேகிதி.

எனக்காகத் தபாலதிபர் ஒரு பேச்சு எழுதித் தந்தார். நாலு பக்கம். அதில் இரண்டரைப் பக்கம், 'பெருமதிப்புக்குரிய போசகர் அவர்களே, முன்னாள் செயலாளர் அவர்களே' என்று அவர்களேதான். சிநேகிதி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள், ஒரு ஜனாதிபதி கோட்டும் போடாமல் குளிருக்குள்ளை நிண்டு ரண்டு மணித்தியாலம் பேசி, ஒரு மாசத்திலை செத்துப்போனார் எண்டு?"

"ஓம். அது குளிராலை இல்லை, வேறை நோய் வருத்தம் எண்டும் இப்ப சொல்லுகினம்."

"அக்காவை உயிரோடை விடுங்கோ."

இருபதாந் திகதி வந்தது. அங்கேயும் கடும் குளிராம், வழமைபோல் வெளிப்படிக்கட்டில் வைக்காமல் உள் மண்டபத்துக்குள் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு. "உந்தக் குளிருக்கோ உள்ளுக்குப் போனவங்கள்? இஞ்சை மோர்னிங்சைட் பஸ் தரிப்பிடத்திலை நிண்டு சத்தியம் பண்ணச் சொல்லு பாப்பம்." வீடுகளில் பொங்கிய பொங்கல் பானை பானையாக வந்து மேசையில் இருந்தது. சுவரில் தொலைக்காட்சி ஓடியது. நான் மகள் வாங்கித் தந்த மஞ்சள் சேலை கட்டியிருந்தேன்.

தபாலதிபரிடம் எனக்கு ஏலாது என்று சொல்வதற்காக மூன்று தடவை எழும்பிப் போனேன். முதல் தடவை அவர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். இரண்டாம் தடவை வடை காணாது என்று ஒருவர் என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் தடவை அவருக்கு நேரே முன்னால் போய் நின்று, "அண்ணை, நான்..." என்று தொடங்கினேன்.

"பொறுங்கோ தங்கச்சி, பாருங்கோ" என்று அவர் தொலைக்காட்சியைக் காட்டினார். "பன்னிரண்டு தாண்டிட்டுது. அங்கை இன்னும் சத்தியம் எடுக்கேல்லை."

"அப்ப இப்ப ஆர் ஜனாதிபதி? பழைய ஆளோ, புது ஆளோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"புது ஆள்தான். சட்டப்படி பன்னிரண்டு அடிச்ச உடனை பதவி மாறிவிடும். சத்தியம் எடுக்க ஒண்டிரண்டு நிமிசம் பிந்தினாலும் பழைய ஆள் பழைய ஆள்தான்." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தங்கச்சி, நீங்களும் தலைவியாகி ரண்டு நிமிசமாச்சு!"

நான் மறுக்க இருந்த நேரம் தாண்டிவிட்டது. பயந்துகொண்டிருந்த காரியம், நான் வடை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சத்தமுமில்லாமல் நடந்து முடிந்திருந்தது. ஊசி போடப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டிருக்க, போட்டாயிற்று எழும்புங்கோ என்று தாதி சொல்வாளே, அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிநேகிதி என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள்.

பெரியக்கா சக்கர நாற்காலியில் இருந்தபடியே கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வரவுப் புத்தகத்தின்மேல் இடது கையை வைத்து வலது கையை உயர்த்தினேன். அவர் துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தது.

"நான்" என்றார் பெரியக்கா. கோட்டைக் கண்டார். பெயர் கேட்கிறார்கள் என்று நினைத்தார். தன்னுடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்து உறுதியாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அதற்குமேல் படிக்கவில்லை. "நான்" என்று சொல்லி, பெரியக்காவின் பெயரையும் அவருடைய தகப்பனின் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். அவர் தலையாட்டி மேலே வாசித்தார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். 'இச்சங்கத்தின் தலைவியாக என் கடமையை உண்மையாகச் செய்வேன் என்றும், என்னால் முடிந்த மட்டும் இதைப் பேணிக் காப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன்.' முடிந்தபோது கையை இறக்கினேன்.

பிறகு சிநேகிதி சொன்னாள்: "எல்லாரும் எழும்பிப் பெரியக்காவுக்குக் கை தட்டுங்கோ. புதுத் தலைவி."

மண்டபம் வெடித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் பல்லைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "எனக்கு வேண்டாம், எனக்கு நேரமில்லை" என்று எல்லாருக்கும் கும்பிட்டார். அதற்கு இன்னும் சிரிப்பு.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று தபாலதிபர் கண்ணைத் துடைத்தார். "அவங்களுக்கும் ஒருக்கா நடந்தது. நீதவான் சொற்களை இடம் மாறிச் சொல்லிக் குடுத்து, அடுத்த நாள் திருப்பி எடுத்தவங்கள். நாங்களும் திருப்பி எடுப்பம்."

இரண்டாம் தரம் என் பெயரைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து, "கேக்கேல்லை!" என்றார்கள். எங்கள் சங்கத்தில் பாதிப்பேருக்குக் காதில் கருவி. மைக் வேறு கரகரத்துக்கொண்டு நின்றுவிட்டது. மூன்றாம் தரமும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். "அக்கா, பின்னுக்கு நாங்களும் சந்தா கட்டின ஆக்கள்தான்" என்று ஒரு குரல். நாலாம் தரம், எனக்கே என்ன பிடித்ததோ தெரியவில்லை, ஊரில் வயலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளைக் கூப்பிடுவதுபோல் கத்தினேன். என் பெயர் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. என் பெயரை நானே அவ்வளவு பெரிதாகக் கேட்டது அதுதான் முதல் தரம். கடைசிச் சொல் வரைக்கும் அதே குரலில் சொல்லி முடித்தேன்.

நாலு பக்கப் பேச்சு இடுப்பில் செருகியிருந்தது. எடுக்கவில்லை. "பொங்கல் ஆறுது, வாங்கோ" என்றேன். அந்த முதலாவது மனிதரின் நாலு வசனத்தைவிட மூன்று வசனம் குறைவு என்று தபாலதிபர் பிறகு கணக்குச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் அது ஒரு பகிடி நாளாகத்தான் இருந்திருக்கும். அடுத்த திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்தது. கோடைச் சுற்றுலா எங்கே என்பது அன்றைய பேச்சு. வருடா வருடம் நயாகராதான். ஒரு கரை நயாகரா என்றது, மற்றக் கரை ஒட்டாவா என்றது. "அங்கை என்ன கிடக்குது, பாராளுமன்றத்தைச் சாப்பிடுறதோ?" "நயாகராவிலை என்ன, போன வருசத்துத் தண்ணி இந்த வருசம் வேறை நிறத்திலையோ விழுது?" சத்தம் கூடியது. தலைமேசையில் நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். முன்வரிசையில் இருந்த தபாலதிபர் பழக்கத்தில் எழும்பிக் கையை உயர்த்தி, "சரி, சரி, நான் சொல்லுறன்" என்றார். ஒன்பது வருடப் பழக்கம். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அவரை விட்டிருந்தால் அவர் தீர்த்திருப்பார். அடுத்த கிழமையும் தீர்த்திருப்பார். நான் நல்ல பிள்ளையாகத் தலைமேசையில் பூச்சாடி மாதிரி இருந்திருக்கலாம்.

"அண்ணை, இருங்கோ" என்றேன்.

கத்தவில்லை. ஆனால் பின்வரிசைக்கும் கேட்டிருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. தபாலதிபர் கையை உயர்த்தியபடியே என்னைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கையாலும் வேட்டியை ஒதுக்கி, ஒரு பெரிய காரியம் செய்கிறவர்போல, மெதுவாகக் கதிரையில் இருந்தார். இருந்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்த தன் மனைவியிடம் திரும்பி, "பாத்தியே? இப்பதான் பொறுப்பை முறையாக் குடுத்திருக்கிறன்" என்றார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் எந்தத் தொலைக்காட்சியிலும் கண்டதில்லை.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த முறை ஒட்டாவா" என்றேன். "வருத்தக்காரர், நடக்க ஏலாத ஆக்கள் முதல் பஸ்ஸிலை. மறுக்கிற ஆக்கள் எழும்பி நிண்டு மறுக்கலாம்."

ஒருவரும் எழும்பவில்லை. ஆனால் பாதிப்பேர் கை தட்ட, மற்றப் பாதிப்பேர், "ஐயோ, இவவை நாங்கள் வாயில்லாத மனுசி எண்டெல்லோ நினைச்சம்!" என்று என்னை ஏசத் தொடங்கினார்கள். நான் அடுத்த விடயத்தை வாசித்தேன்.